கண்மாய்க் கரையில் ஓடலாமே!

விடியற்காலை மணி ஐந்து. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே போகும் நான்கு வழிச் சாலை. இருட்டு இன்னும் விலகவில்லை. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி வாலிபர்கள் வரிசையாக ஓடுகிறார்கள். கை எட்டும் தூரத்தில் லாரி பறக்கிறது. அந்தக் காற்றில் அவர்கள் சட்டை படபடக்கிறது. ஒரு நொடி ஒதுங்குகிறார்கள். மறுபடி ஓடுகிறார்கள்.

இவர்கள் வேடிக்கைக்கு ஓடவில்லை. வேலைக்காக ஓடுகிறார்கள். போலீஸ் வேலையில் சேர வேண்டுமானால் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் உண்டு. பட்டாளத்தில் சேர 1,600 மீட்டர் ஓட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்கூட இந்த ஓட்டத்தில் கோட்டை விட்டுவிடுவது உண்டு. ஆகவே இரவும் பகலும் இதே நினைவாக இருக்கிறார்கள். ஊரில் ஓட இடம் இல்லை. சாலைக்கு வருகிறார்கள். சாலையில் தரை சமமாக இருக்கிறது. கிலோ மீட்டர் கல் நட்டிருப்பதால் தூரமும் தெரிகிறது.

ஆனால், அது ஓடுகிற இடமா? தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் மாண்டார்கள். ஒரு நாளைக்கு 49 பேர்! மோட்டார் வண்டிகளுக்கு என்று போட்ட பாதையில், இருட்டு வேளையில், பெற்ற பிள்ளையை ஓட விட்டுவிட்டு வீட்டில் தாய் எப்படி நிம்மதியாக இருப்பாள்?

வாலிபர்கள் மட்டும் அல்ல. சர்க்கரை வியாதிக்காரர்களையும் சாலையில் பார்க்கலாம். ரத்தக் கொதிப்புக்காரர்களையும் பார்க்கலாம். "தினமும் நடங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். எங்கே நடப்பது என்று அவர் சொல்வது இல்லை. அவர்களும் சாலைக்குத்தான் வருகிறார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசுகிறது. நாலு நாள் நடக்கிறார்கள். ஐந்தாம் நாள் நின்று விடுகிறார்கள்.

இத்தனைக்கும், நடக்கவும் ஓடவும் விருதுநகர் மாவட்டத்தைப் போல வசதியான இடம் குறைவு. அந்த வசதியை முன்னோர்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். அதுதான் கண்மாய்க் கரை.

மண் மெத்தை

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழைதான். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான கண்மாய்கள் இருக்கின்றன. கண்மாய் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்மாய்க்கு ஒரு கரை உண்டு. சின்னக் கண்மாய் என்றால் அரை மைல் நீளம். பெரிய கண்மாய் என்றால் ஒரு மைல், இரண்டு மைல்கூட இருக்கும். கரையின் மேல் வண்டி போகிற அகலம் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். நடுவே உயரத்தில் பாதை. ஆங்காங்கே பனை மரம். மடை, கலுங்கு, ஒரு அய்யனார் கோயில். இதைவிட நல்ல ஓட்டப் பாதையைப் பணம் கொட்டிப் போட்டாலும் போட முடியாது.

சிமெண்டுத் தரையிலும் தார் ரோட்டிலும் ஓடினால் முழங்கால் வலிக்கும். மண் தரை அப்படி இல்லை. கால் பட்டதும் கொஞ்சம் கொடுக்கும். கரிசல் மண் மழை நாளில் மட்டும் பொல்லாதது. காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்பு ஒன்றுக்கு மூன்றாகக் கனக்கும். ஆனால், கரையின் மேல் நாலு வண்டி சரள் மண் அடித்துப் பரப்பிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

இத்தனை இருந்தும் கரையில் யாரும் ஓடுவது இல்லை. ஏன்? கரையே கண்ணுக்குத் தெரியவில்லை. சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது!

முள்ளுக்கு யார் பொறுப்பு?

சீமைக் கருவேலம் இந்த மண்ணுக்குச் சொந்தமான மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. விறகுப் பஞ்சம் தீரும் என்று நினைத்து அந்தக் காலத்தில் விதைத்தார்கள். விறகு கிடைத்தது உண்மை. ஆனால், மரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓடை, வரத்துக்கால், கண்மாயின் உள்வாய், கரை என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதை அகற்ற வேண்டும் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. 2017-ஆம் ஆண்டில் கோர்ட்டு உத்தரவின் பேரில் ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்துவிட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மழை பொய்த்த வருஷங்களில் அவர்களுக்குச் சோறு போட்டது இந்த முள் மரம்தான். ஆகவே, மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் வேரறுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கண்மாய்க் கரையை மட்டுமாவது சுத்தமாக வையுங்கள் என்பதே கோரிக்கை. வெட்டிய விறகும் கரியும் அந்த ஏழைகளுக்கே போகட்டும்.

முள்ளை எடுத்தால் ஓடுகிறவர்களுக்கு மட்டுமா லாபம்? விவசாயிக்கும் லாபம். கரையில் மரம் வளர்ந்தால் வேர் உள்ளே இறங்கும். மரம் பட்டுப் போனால் அந்த வேரும் மக்கிப் போகும். அந்த வழியில் தண்ணீர் கசியும். கசிவு பெரிதானால் கரை உடையும். முன்பெல்லாம் மடை திறந்து நீர் பாய்ச்சும் ஆள் தினமும் கரையில் நடப்பார். எங்கே எலி வளை, எங்கே நண்டு வளை என்று அவருக்குத் தெரியும். இப்போது அப்படி நடக்க ஆள் இல்லாத ஊர்கள் பல. தினமும் 50 பேர் கரையில் ஓடினால், கசிவு கண்ட அன்றே ஊருக்குச் செய்தி வந்துவிடும்!

எங்கே ஓடலாம்?

இந்த மாவட்டத்தில் மேற்கே மலை. கிழக்கே போகப் போகப் பொட்டல். நடுவே பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அழகு உண்டு.

முதல் இடம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். ஊரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகிற ரோடு இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் கண்மாய், பிறகு வயல், பிறகு மாந்தோப்பு, தென்னந்தோப்பு. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. போகும்போது மலையைப் பார்த்துக்கொண்டு ஓடலாம். திரும்பும்போது சூரியன் எழுந்திருக்கும். கிழக்கே ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் தெரியும். 11 நிலை, 192 அடி உயரம். 'அதுவரை ஓட வேண்டும்' என்று கண்ணால் குறி வைத்துக்கொண்டு ஓடுவது ஒரு தனி உற்சாகம்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. அந்த மலை சாதாரண மலை அல்ல. சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988-ல் சரணாலயம் ஆக்கினார்கள். பூனை அளவுக்கு இருக்கும் பெரிய அணில் அது. மரத்துக்கு மரம் தாவிப் போகும். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. அடிவாரத் தோப்புகளுக்கு யானை வந்து போகிறது. ஆகவே வனத்துறைச் சாவடிக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டிப் போக அனுமதி அவசியம். அடிவாரத்தில் இருட்டோடு ஓடவும் கூடாது. நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். யானை பொல்லாதது அல்ல. அதன் பாதையில் மனிதன் திடீரென்று போய் நிற்பதுதான் பொல்லாதது.

ராஜபாளையத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊர் எல்லையிலேயே சஞ்சீவி மலை. மேற்கே அய்யனார் கோயில் ரோடு. அந்தப் பக்கம் ஊருக்குக் குடி தண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். பெயரிலேயே மைல் கணக்கு இருக்கிறது, பாருங்கள்! ஆடி மாதத்தில் மற்ற ஊர்களில் புழுதிக் காற்று அடிக்கும். இங்கே மலைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும். சில நாள் சாரலும் சேர்ந்து வரும். வாசல் கதவைத் திறந்து மலையைப் பார்க்கிறவர்கள் தேகாப்பியாசம் செய்யாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

வத்திராயிருப்புப் பக்கம் போனால் கரிசல் பூமியில் இருப்பதே மறந்து போகும். நெல் வயல், தென்னை, வாய்க்கால். அதற்கும் மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் அணைகள். பெரியாறு அணை ஒன்று, கோவிலாறு அணை ஒன்று. அந்த ஊர்க் கண்மாய்க் கரைகளில் தை மாதக் காலையில் ஓடினால், வயலில் இறங்கிய கொக்குக் கூட்டம் காலடிச் சத்தம் கேட்டு ஒரே வெள்ளையாக எழும்பும்.

வேம்பக்கோட்டையில் வேறு விதமான விசேஷம். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தொல்பொருள் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல், மணிகள், சுடுமண் பொம்மைகள் என்று பழங்கால மக்கள் உபயோகித்த பொருள்கள் வெளியே வந்தன. ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால், தேகத்துக்குப் பயிற்சி, மூளைக்குப் பாடம்.

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்து ஜனங்கள் நடந்தே வருகிறார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, காலில் செருப்பு இல்லை. 20 மைல் நடந்து வந்த பாட்டியைக் கேட்டால், "என்ன பெரிய தூரம் தம்பி, பேசிக்கிட்டே வந்துட்டோம்" என்பாள். நடை இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மனுக்காக நடக்கிற கால், தன் உடம்புக்காகத் தினமும் கொஞ்சம் நடந்தால் என்ன?

தலைநகரின் கதை

விருதுநகரைப் பற்றி நினைத்தால் வருத்தம்தான் மிஞ்சும். காமராஜர் 1903-ல் பிறந்த ஊர். 1985 முதல் மாவட்டத் தலைநகர். ஊர் வழியாகக் கௌசிகா நதி போகிறது. நல்ல ஊராக இருந்தால் அந்த நதிக்கரைதான் ஜனங்கள் உலாவும் இடமாக இருக்கும். இங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. சாக்கடையும் கருவேலமும் சேர்ந்து நதியை விழுங்கிவிட்டன. இந்த அழுக்குதான் கீழே குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. அந்தத் தண்ணீரிலும் பறவைகள் வந்து இறங்குகின்றன. அவற்றுக்கு முனிசிபாலிட்டி தெரியாது!

விருதுநகரில் விளையாட்டு அரங்கம் இருக்கிறது. அங்கே ஓடலாம். ஆனால் 10 மைல் தள்ளி இருக்கும் கிராமத்துப் பையன், விடியற்காலையில் எந்தப் பஸ்ஸில் ஏறி அரங்கத்துக்கு வருவான்? அவன் வீட்டு வாசலிலிருந்து 200 கெஜத்தில் கண்மாய்க் கரை இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது சுலபமா, ஊருக்கு ஊர் அரங்கம் கட்டுவது சுலபமா?

பட்டாசு ஊரின் கணக்கு

சிவகாசியில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதி இந்த வட்டாரத்தில் செய்தது. அதைச் செய்கிறவர்களில் ஏராளமான பேர் பெண்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பகல் முழுதும் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை. திரி வைப்பது, குழாய் அடைப்பது, பெட்டி ஒட்டுவது, கட்டுக் கட்டுவது. கை ஓயாது. கால் அசையாது. வீடு திரும்பினால் அடுப்பு வேலை.

'உழைக்கிற பெண்ணுக்குத் தனியாக ஓட்டம் எதற்கு?' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வயல் வேலை வேறு. அங்கே உடம்பு முழுவதும் வளையும், நிமிரும். உட்கார்ந்தே செய்யும் வேலையில் இடுப்பும் முதுகும் இறுகிப் போகும். நாற்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று சொல்லிற்று. அது பணக்காரர் வியாதி என்று சொன்ன காலம் போய்விட்டது. ரேஷன் அரிசிக் குடும்பத்திலும் இன்று அது உண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரிது அல்ல. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். ஓடுவதாக இருந்தால் 75 நிமிடம். நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். அவ்வளவுதான்.

நேரம் கிடைத்தாலும் இடம் வேண்டுமே! சிவகாசியில் பெரியகுளம் கண்மாய் இருக்கிறது. சிறுகுளம் கண்மாய் இருக்கிறது. திருத்தங்கல் பக்கம் அர்ச்சுனா நதி இருக்கிறது. அந்தக் கரைகளில் குப்பை கொட்டாமல் இருந்தால், விளக்குப் போட்டால், மாலை ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கும் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பட்டாசுத் தொழிற்சாலைகள் இருக்கும் பொட்டல் காட்டு ரோடுகளில் ஓடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பீடியும் தீப்பெட்டியும் கையில் இருக்கக் கூடாது. ஓடுகிறவனுக்குப் பீடி எதற்கு என்பது வேறு விஷயம்.

பெண்கள் ஓடுவதற்கு இன்னொரு தடை உண்டு. அது முள் அல்ல; வாய். "என்ன மதினி, காலங்காத்தால எங்க ஓட்டம்? வீட்ல சண்டையா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். தனியாகப் போனால்தான் இந்தக் கேள்வி. பத்துப் பேராகப் போனால் கேட்க ஆள் இராது. கொஞ்ச நாளில் கேட்டவளும் கூட வருவாள். மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத கிராமம் இல்லை. சேமிப்புக்குக் கூடுகிறவர்கள் நடைக்கும் கூடலாம்.

இந்தக் கூச்சத்தைத் தாண்டிய பெண்ணுக்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். பக்கத்து மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, தாய் தகப்பன் இல்லாத பெண். கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தாள். ஆரம்பத்தில் அவர் வெறுங்காலோடு ஓடினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியத் தொடர் ஓட்டக் குழுவில் ஓடினார். புதுக்கோட்டையைச் சேர்ந்த லட்சுமணன், 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். புதுக்கோட்டையும் கண்மாய்ச் சீமைதான். மழை குறைந்த மண்தான்.

செருப்புத் தொழிற்சாலைக்காரர் தொடங்கியது

பந்தயத்துக்கு ஓடுவது வேறு, சுகத்துக்கு ஓடுவது வேறு. மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே மெதுவாக ஓடுவதை மேல்நாட்டில் 'ஜாகிங்' என்கிறார்கள். மெல்லோட்டம் என்று சொல்லலாம். இது உலகில் பரவிய கதை சுவையானது.

நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் பழக்கிய வீரர்கள் 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. தொப்பை போட்ட நடுவயதுக்காரர்களையும் இதய நோய் கண்டவர்களையும் மெதுவாக ஓட வைத்தார். 1962-ல் ஆக்லாந்து நகரில் அதற்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. அதே ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மன் என்ற ஓட்ட ஆசிரியர் அங்கே போனார். ஐம்பதைத் தாண்டியவர். தாம் நல்ல பலசாலி என்று நினைத்திருந்தார். கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்புக் கண்ட ஒரு கிழவர் அவரை எளிதாக முந்திப் போனார்! பவர்மனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பியதும் அக்கம் பக்கத்து ஜனங்களைச் சேர்த்து ஓட ஆரம்பித்தார். 1967-ல் ஓர் இதய வைத்தியரோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். அதிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓடத் தொடங்கியது.

பவர்மனின் ஊர் ஆரிகன் மாகாணத்து யூஜீன். அங்கே அவர் பழக்கிய ஸ்டீவ் பிரிபான்டைன் என்ற வாலிபர் பெரிய ஓட்ட வீரர். ஐரோப்பாவில் காட்டு மரங்களுக்கு நடுவே மரச் சிராய் பரப்பிய மெத்தென்ற பாதைகளில் ஓடிப் பார்த்தவர். 'நம் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1975-ல், 24 வயதில், கார் விபத்தில் இறந்து போனார். ஊர் ஜனங்கள் அவர் ஆசைப்பட்ட பாதையைப் போட்டு அவர் பெயரையே வைத்தார்கள். ஆற்றோரப் பூங்காவில் சுமார் 4 மைல் நீளத்துக்கு அது வளைந்து போகிறது. அங்கே தார் இல்லை, சிமெண்டு இல்லை. மரச் சிராய்தான்.

பளபளப்பு வேண்டாம்

தமிழ்நாட்டு சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தை 2023 நவம்பர் 4-ந் தேதி தொடங்கினார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோ மீட்டர் நடைப்பாதை. அதாவது 5 மைல். டோக்கியோ நகரில் இருப்பதைப் பார்த்து வந்து ஏற்படுத்தியது. நல்ல காரியம். ஆனால், மாவட்டத்துக்கு ஒன்று என்றால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அடுத்த படியாக ஊராட்சிக்கு ஒன்று என்று வர வேண்டும். அதற்குப் புதிய நிலம் வாங்க வேண்டியது இல்லை. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் கையில். இரண்டும் சர்க்கார் கைதானே!

இதில் ஒரு பயமும் உண்டு. 'அழகுபடுத்துகிறோம்' என்று கிளம்புகிறவர்கள் உடனே சிமெண்டுக் கல் பதிப்பார்கள். நீரூற்று வைப்பார்கள். சிங்கம், புலி பொம்மை வைப்பார்கள். திறப்பு விழாக் கல்வெட்டு வைப்பார்கள். இரண்டு மழைக்குப் பிறகு கல் பெயர்ந்து கிடக்கும். கல்வெட்டு மட்டும் நிற்கும். கண்மாய் முதலில் தண்ணீருக்கு, பிறகுதான் உலாவுவதற்கு. உள்வாயைச் சுருக்கிப் பூங்கா கட்டுவதை எந்த விவசாயியும் ஒப்ப மாட்டார். ஒப்பவும் கூடாது. முள் நீங்கிய மண் கரை, இரண்டு பக்கமும் பனையும் வேம்பும், கால் மைலுக்கு ஒரு தூரக் கல், நாலு விளக்கு. இது போதும்.

விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பாம்பு நடமாடும் இடம் அது. புதரை எடுத்தாலே பாம்பு குறையும் என்றாலும், வெளிச்சம் இருந்தால்தான் பெண்களும் முதியவர்களும் தைரியமாக வருவார்கள்.

எப்படித் தொடங்குவது?

ஓடிப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் நாளே அரை மைல் ஓடிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மின்சாரக் கம்பத்துக்கு நடுவே உள்ள தூரம் மெதுவாக ஓடுங்கள். அடுத்த இரண்டு கம்பம் நடங்கள். மறுபடி ஓடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. திணறினால் வேகம் அதிகம். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கே சூரியன் சுட ஆரம்பித்துவிடும்.

மார்பு வலி கண்டவர்களும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு போகவே கூடாது. காலில் முள் ஏறினால் அவர்களுக்குத் தெரியாது. புண் ஆறவும் செய்யாது. சாதாரண ரப்பர் அடிச் சப்பாத்து போதும். விலை உயர்ந்தது தேவை இல்லை.

போலீஸ் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகள் மட்டும் கம்பக் கணக்கோடு நிற்க முடியாது. அவர்களுக்கு அளந்த தூரம் வேண்டும். ஊர்க் கரையில் ஒரு கயிறு பிடித்து 300 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்துவிட்டால், போய் வந்து, போய் வந்து, போனால் 1,500 மீட்டர் ஆகிவிடும். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஒரு மாலைப் பொழுதில் செய்து கொடுக்கக்கூடிய வேலை இது.

கரையைச் சுத்தம் செய்யக் கண்மாயில் தண்ணீர் இல்லாத ஆவணி, புரட்டாசிதான் தோதான மாதங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வண்டி கரை ஏறாது. ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்து, அனுமதி வாங்க இரண்டு மாதமாவது பிடிக்கும். ஆகவே ஆனியிலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. வெட்டுகிறவர்கள் கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போக விடக்கூடாது. கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுத்து, அந்தக் குழியில் மண் போட்டுத் திம்ஸு அடிக்க வேண்டும். தூர் நின்றால், முதல் மழைக்கே ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்துவிடும்.